ரன் = ஓடு: அவ்வளவு தப்பில்லை

ஆங்கிலம் கற்றுத் தருவதாகச் சொல்லும் தமிழ்ப் புத்தகங்களில் வினைச்சொல் அட்டவணை என்று ஒன்று கட்டாயம் இருக்கும். இடது பக்கம் கோ, கம், ஈட், ரன். வலது பக்கம் போ, வா, சாப்பிடு, ஓடு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் இதைப் பார்த்தால் உச்சுக் கொட்டுவார்கள், 'ரன்னுக்கு எத்தனை அர்த்தம் இருக்கு, ஒரே வார்த்தையில முடிச்சுட்டானே' என்று. அப்புறம் அவர்கள் பங்குக்கு நடத்து, இயக்கு, ஒழுகு, போட்டியிடு, நீள், தீர் என்று முப்பது நாற்பது அர்த்தத்துக்கு ஒரு பட்டியல் போடுவார்கள். சாயங்கால வேளையில் வேலைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்தப் பட்டியலால் யாரும் பேசக் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஓடு என்று ஒற்றை வார்த்தையில் போட்ட புத்தகக்காரர் முக்கால்வாசி சரி. ஆனால் ஆங்கில வகுப்பு என்று உட்கார்ந்ததும் நமக்குத் தெரிந்த ஓடு எல்லாம் மறந்துபோய் ஸ்போர்ட்ஸ் டே ஓட்டப்பந்தயம் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கிறது, வினை அங்கேதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், காலே இல்லாத எத்தனை சாமான் நம் வீட்டில் ஓடுகிறது. ஃபேன் ஓடுகிறது. கரண்ட் மீட்டர் ஓடுகிறது. ஆட்டோ மீட்டர் ஓடுகிறது (ஓட வேண்டும்). டிவியில் ஏதோ ஓடுகிறது, யாரும் பார்ப்பதில்லை. தியேட்டரில் படம் நூறு நாள் ஓடியது என்று போஸ்டர் ஒட்டுவார்கள். சுவரில் விரிசல் ஓடியிருக்கும், கையில் பச்சை நரம்பு ஓடும், மண்டைக்குள் ஏதோ கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 'எப்படிப்பா இருக்கே' என்றால் 'ஏதோ ஓடுது' என்கிறோம். இதில் பெரும்பாலானவற்றை அப்படியே ரன் போட்டு ஆங்கிலத்தில் சொல்லலாம், ஒரு வெள்ளைக்காரரும் நெற்றியைச் சுருக்க மாட்டார். விரிசலும் மீட்டரும் மண்டைக்குள் ஓடும் எண்ணமும் நாடகமும் அங்கேயும் ரன்தான். லண்டனில் 1952-ல் தொடங்கிய ஒரு மர்ம நாடகம், கொரோனா காலத்து இடைவெளியைத் தவிர்த்தால், இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் இதே சொல்தான்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தாலும் இது தற்செயல் என்று படவில்லை. ரன்னுக்கு ஜெர்மன் மொழியில் இரண்டு உறவுக்காரச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று ரென்னன், ஆள் ஓடுவது. இன்னொன்று ரின்னன், நீர் வழிந்தோடுவது. அதாவது இந்தச் சொல் குடும்பத்திலேயே தொடக்கத்திலிருந்து காலும் உண்டு, தண்ணீரும் உண்டு. மனிதன் ஓடுவதைப் பார்த்து ஆற்றுக்கு உவமையாகச் சொன்னார்கள் என்று நாமாக ஒரு கதை கட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

அகராதிக்காரர்களுக்கு இந்தச் சொல் கொடுத்த பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு செட் என்ற வினைச்சொல்லுக்கு இருந்தது, 430 பொருள்கள், ஏறக்குறைய 60,000 சொற்கள், ஒரு சின்ன நாவல் அளவு. அப்புறம் அகராதியைத் திருத்தி எழுத ஆரம்பித்தார்கள், அதுவும் 'எம்' எழுத்திலிருந்து. 2000-ல் மேக் முந்தியது, 2007-ல் புட் முந்தியது, 2011-ல் ரன் எல்லாவற்றையும் தாண்டி ஓடிவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறார். இதைப் பற்றி நியூயார்க் டைம்ஸில் எழுதிய சைமன் வின்செஸ்டர், செட் நிதானமான காலத்துச் சொல், ரன் வேகமான காலத்துச் சொல் என்கிற மாதிரி ஒரு விளக்கம் கொடுத்திருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது. என் பங்குக்கு நான் மெஷினைச் சொல்வேன். ஆலை, ரயில், மோட்டார், கம்ப்யூட்டர் என்று புதிதாக எது வந்தாலும், நிற்காமல் வேலை செய்கிறதா, அப்படியென்றால் 'ரன்' என்று ஒட்டிவிட்டார்கள். 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 'பேசிக்' என்ற கணினி மொழியைக் கொண்டுவந்தபோது புரோகிராமைக் கிளப்புவதற்கான கட்டளையே ரன்தான். நம் ஐடி பிள்ளைகளும் 'கோடு ஓடுதா' என்றுதான் கேட்கிறார்கள். 'இயக்கு' மெனுவில் இருக்கும், வாயில் வராது.

645 என்ற எண்ணை வகுப்பில் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அடுத்த நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். அதனால் சொல்வதில்லை. ஒரு நாள் 'தி ரிவர் ரன்ஸ்' என்று போர்டில் எழுதிவிட்டு, 'ஆறுக்கு ஏன் ரன், ஃப்ளோதானே வரணும்' என்று யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்க்கும் ஒருவர், வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவர், 'எங்க ரன்னர் மாதிரிங்க சார்' என்றார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி வரைய ஆரம்பித்துவிட்டார். மண்ணை இடித்துக் கட்டிய மோல்டு, மேலே மெட்டல் ஊற்றும் வாய், அங்கிருந்து பாகம் இருக்கும் குழிக்குப் போகிற வாய்க்கால். 'இதுதானுங்க ரன்னர். இது வழியாத்தான் மெட்டல் ஓடிப்போய் ரொம்பும். நடுவுல நின்னுச்சுன்னா அவ்வளவுதான், பீஸ் ரிஜக்ட்டுங்க.' ஆறினதும் அந்த வாய்க்காலில் உறைந்த மெட்டலை வெட்டி எடுத்து மறுபடி உருக்கப் போட்டுவிடுவார்களாம். பத்தாண்டுகளாக ரன்னர் என்ற சொல்லைத் தினம் சொல்லிக்கொண்டிருந்தவர், அது ஆங்கிலப் பாடத்தில் வரும் அதே ரன் என்று அன்றைக்குத்தான் பார்க்கிறார். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

அவர் ஆரம்பித்து வைத்ததும் ஆளாளுக்கு எடுத்துவிட்டார்கள். ஜவுளிக் கடையில் நிற்கும் பெண் 'ரன்னிங் பிளவுஸ்' என்றார். புடவையோடு சேர்ந்து அதே துணியில் தொடர்ச்சியாக வந்து, முந்தானைக்கு எதிர்முனையில் வெட்டிக்கொள்கிற மாதிரி இருக்குமே, அது. கான்ட்ராஸ்ட் பிளவுஸ் கேட்பவர்களிடம் 'இது ரன்னிங்க்கா' என்று சொன்னால் புரிந்துகொண்டு அடுத்த புடவைக்குப் போய்விடுவார்கள். கார்பென்டர், கொத்தனார், கிரானைட் போடுகிறவர் எல்லாரும் 'ரன்னிங் ஃபீட்டுக்கு இவ்வளவு' என்பார்கள். அகலத்தைக் கணக்கில் எடுக்காமல் நீளத்தை மட்டும் ஓட்டி அளப்பது. சதுர அடி என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினால் பில் வரும்போது தெரியும். 'ரன்னிங்ல ஏறாதீங்க' என்பது கண்டக்டர் பாஷை. பழைய பைக் விற்கிறவர் 'நல்ல ரன்னிங் கண்டிஷன்' என்பார், அதற்கு அர்த்தம் பெயின்ட் போயிருக்கிறது என்பது. 'பையனுக்கு என்ன வயசு' என்றால் 'முப்பத்திநாலு முடிஞ்சு முப்பத்தஞ்சு ரன்னிங்'. ஜாதகத்தில் சனி திசை ரன்னிங். இந்த வயசு ரன்னிங்கை மட்டும் இங்கிலாந்தில் போய்ச் சொன்னால் முழிப்பார்கள், மற்றதெல்லாம் சுத்தமான ஆங்கிலம் அல்லது அதற்குப் பக்கத்து வீடு.

கவனித்தீர்களா, இத்தனையிலும் ஓடுவது என்றால் வேகம் இல்லை. நடுவில் அறுபடாமல் தொடர்ந்து போவது. பிளவுஸுக்கு என்ன வேகம்? இதைப் பிடித்துக்கொண்டால் ரன்னின் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும்.

சரி, எங்கே ஒத்துப்போகாது என்பதையும் சொல்ல வேண்டும் இல்லையா. முதலில் கடை. ஆங்கிலத்தில் கடை, கம்பெனி, பள்ளிக்கூடம், நாடு எதுவானாலும் ரன் பண்ணுவார்கள். நாம் நடத்துகிறோம். நட என்பதிலிருந்து வந்த நடத்து. அவர்கள் ஓட்டுவதை நாம் நடக்க வைக்கிறோம். நம்மிடம் ஓட்டு என்பதும் இருக்கிறது, ஆனால் அதன் தொனி வேறு. 'அவர் ஹோட்டல் நடத்துறார்' என்றால் மரியாதை. 'ஹோட்டல ஏதோ ஓட்டிட்டிருக்கேன்' என்றால் வாடகைக்கே இழுபறி என்று அர்த்தம். குடும்பத்தை நடத்துவதும் ஓட்டுவதும் ஒன்றல்ல என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரியும். ஆங்கில ரன்னில் இந்த வித்தியாசம் இல்லை, டாட்டாவும் ரன் பண்ணுகிறார், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரும் ரன் பண்ணுகிறார். அதனால் 'ஐ ரன் எ ஷாப்' என்று சொல்லத் தயங்காதீர்கள், அதில் கஷ்டஜீவன வாசனை எதுவும் இல்லை. (நண்பனை ஓட்டுவதற்கு மட்டும் ரன்னைப் பயன்படுத்திவிடாதீர்கள்.)

ஓடு, ஓட்டு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் நாம் வேறு வடிவம் வைத்திருக்கிறோம், ஆங்கிலத்தில் ரன் ஒன்றுதான். மெஷின் ரன்ஸ், நான் மெஷினை ரன் பண்ணுகிறேன். இது நம் ஆட்களைக் குழப்பும், 'மேக் இட் ரன்' என்று சுற்றி வளைப்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தார் யாராவது வகுப்பில் இருந்தால் அவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. அங்கே 'கார் ஓடத் தெரியுமோ?' என்றுதான் கேட்பார்கள். 'அவர் பஸ் ஓடுறவர்' என்றால் டிரைவர். நம் ஊர்க்காரர் முதல்முறை கேட்டால் பஸ்ஸோடு சேர்ந்து ஓடுகிறாரா என்று நினைப்பார். ஆங்கில ரன்னும் இப்படியேதான், வண்டியும் ஓடும், ஆளும் வண்டியை 'ஓடுவார்'.

தேர்தல் இன்னொரு இடம். அமெரிக்காவில் பதவிக்கு 'ரன்' பண்ணுவார்கள், துணை அதிபர் வேட்பாளருக்கு 'ரன்னிங் மேட்' என்று பெயர், அது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த வார்த்தை. பந்தயத்தில் முதல் மூன்றில் வராத குதிரைகளின் பெயரைப் பத்திரிகையில் 'இவையும் ஓடின' என்று கடைசியில் போடுவார்கள், அந்த 'ஆல்சோ ரேன்'தான் டெபாசிட் இழந்தவர்களுக்கு இன்றும் பட்டம். பிரிட்டிஷ்காரர்கள் தேர்தலில் ஓட மாட்டார்கள், நிற்பார்கள். நாமும் நிற்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் ஓடு என்று மொழிபெயர்த்தால் வேட்பாளர் வாபஸ் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார் என்று ஆகிவிடும்.

இன்னும் பெரிய கூட்டம் ஒன்று பாக்கி இருக்கிறது. ரோடு ரன் ஆகிறது என்பார்கள், நாம் 'இந்த ரோடு எங்க போகுது' என்போம். சாயம் ரன் ஆகும், நமக்குச் சாயம் போகும். கிணறு ரன் ட்ரை, வற்றிப்போகும். பால் ரன் அவுட், தீர்ந்து போகும். பஸ் அரை மணிக்கொருமுறை ரன்ஸ், போகும். பார்த்தால் எல்லாவற்றிலும் போ. ஓடு ஒத்து வராத இடத்தில் நாம் பெரும்பாலும் போவைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். வகுப்பில் நான் சொல்லும் ஒரே குறுக்குவழி இதுதான்: ரன்னைப் பார்த்ததும் முதலில் ஓடு போட்டுப் பாருங்கள், ஒட்டவில்லையா, போ போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டவில்லை என்றால் அகராதி. நூற்றுக்கு நூறு வேலை செய்யாது. மூக்கு நமக்கு ஒழுகத்தான் செய்யும், காய்ச்சல் அடிக்கத்தான் செய்யும், ஆங்கிலத்தில் இரண்டுமே ரன். மூக்கு ஓடுகிறது, பாதம் மணக்கிறது, அப்படியென்றால் உன்னைத் தலைகீழாகச் செய்துவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பழைய கடி ஜோக் உண்டு, குழந்தைகளுக்குச் சொன்னால் சிரிக்கும். லீவ் லெட்டரில் 'சஃபரிங் ஃப்ரம் ரன்னிங் நோஸ்' என்று எழுதுவதை மட்டும் நிறுத்தினால் நல்லது, மூக்கு ஒழுகுவது அவ்வளவு பெரிய துன்பம் இல்லை. 'ரன் எ பாத்' (குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது) என்பதை நான் நடத்துவதே இல்லை, வாளியில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு அது எதற்கு.

ரன் அவுட்டில் ஒரு நிமிஷம் நிற்கிறேன், ஏனென்றால் அதிகம் சறுக்குவது அங்கேதான். பால் தீர்ந்தால் 'மில்க் ஹேஸ் ரன் அவுட்' என்றும் சொல்லலாம், 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்றும் சொல்லலாம். முதலாவதில் அவுட் ஆனது பால். இரண்டாவதில் அவுட் ஆனது நாம். அந்த 'ஆஃப்' விட்டுப்போனால் நாம் பாலை ரன் அவுட் செய்த மாதிரி ஆகிவிடும், தோனி ஸ்டம்பைத் தட்டின மாதிரி. அதேபோல ரன் இன்டு, ரன் ஓவர். வழியில் தற்செயலாக மாமாவைப் பார்த்தால் 'ஐ ரேன் இன்டு மை அங்கிள்'. ஓவர் போட்டுவிட்டால் மாமா மேல் வண்டி ஏறிவிட்டது, அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த மாதிரி ஒட்டுச்சொல் வரும் இடங்களில் ஓடு, போ எதுவும் காப்பாற்றாது. ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியமாக வாயில் போட்டு மெல்ல வேண்டியதுதான்.

கிரிக்கெட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 18-ஆம் நூற்றாண்டில் ஒரு ஓட்டம் எடுத்தால் ஸ்கோரர் ஒரு குச்சியில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார், அதனால் ஓட்டத்துக்கு 'நாட்ச்' என்றே பெயர் இருந்தது. பிறகுதான் ரன் நிலைத்தது. ஆனால் பந்து பவுண்டரியைத் தாண்டினால் யாரும் ஓட வேண்டாம், நின்ற இடத்தில் நின்றுகொண்டே நாலு ரன், ஆறு ரன். ஓடாமல் வரும் ரன் வங்கியிலும் உண்டு. வங்கி திவாலாகப் போகிறது என்று பயந்து எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடினால் அது 'பேங்க் ரன்'. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் மக்கள் நிஜமாகவே வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்கக் கேட்டார்கள், முக்கால்வாசிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, போன், லேப்டாப், முடிந்தது.

சில தொடர்களில் ரன் வேறு ஊர்க்காரர்களோடு கைகோத்துக்கொண்டு வரும். 'ரன் அமோக்' (வெறிபிடித்துத் திரிவது) என்பதில் உள்ள அமோக் மலாய் மொழிச் சொல், மலேசியத் தமிழர்களுக்குப் புதிதாக இருக்காது. 'ரன் த காண்ட்லெட்' என்பதில் வரும் காண்ட்லெட் இரும்புக் கையுறை இல்லை. குற்றம் செய்த சிப்பாயை இரண்டு வரிசைக்கு நடுவில் ஓடவிட்டு இரு பக்கமும் நின்று அடிக்கும் ராணுவத் தண்டனைக்கு சுவீடன் மொழியில் இருந்த சொல், ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து கையுறையாகிவிட்டது. அந்தத் தொடரில் மட்டும் ஓடுகிறவர் உண்மையாகவே உயிருக்குப் பயந்து ஓடியிருக்கிறார்.

கடைசியாக ஒன்று, சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்க. ஆங்கிலத்தில் பேதிக்கு பேச்சு வழக்கில் 'த ரன்ஸ்' என்பார்கள். தமிழ்நாட்டில் நமக்கு வயிற்றால் போகிறது, மறுபடி அதே போ. இலங்கையில் பாமசியில் போய்க் கேளுங்கள், வயிற்றோட்டம்.